அப்பா பெயரோடு ஒரு ‘சான்’

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டார். கவிதை வராது, துணுக்கும் வராது, ஜப்பானிய மொழி படிக்கப் போய்க்கொண்டிருக்கிறேன், வேண்டுமானால் அதை எழுதுகிறேன் என்றேன். “எழுதுல. ஒருத்தனுக்கும் புரியாட்டாலும் ரெண்டு பக்கம் நிறையும்லா” என்றார்.

நண்பர்களே, ஜப்பானிய மொழி நமக்கு அப்படியொன்றும் அந்நியமில்லை. செய்ரி, செய்தொன், செய்சோ, செய்கெத்சு, ஷித்சுகே என்று ஐந்து ‘எஸ்’களை வரிசை மாறாமல் ஒப்பித்து மார்க் வாங்கியவர்கள்தானே நாம்! கைசன், கன்பன், போகா யோகே எல்லாம் நமக்குத் தேர்வுக்கு முந்தின ராத்திரி சொந்தக்காரர்கள். அந்தக் கடைசி ஷித்சுகே என்பதற்கு ‘ஒழுங்கு, கட்டுப்பாடு’ என்று என் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அது பட்டறைக்கென்று பிறந்த சொல்லே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நாலு பேர் முன்னால் எப்படி இருக்க வேண்டும் என்று பெற்றவர்கள் பிள்ளையைப் பழக்குவதற்கு அங்கே அதுதான் பெயர். “வளர்ப்பு சரியில்லை” என்று நம் ஊரில் சொல்கிறார்களே, அந்த வளர்ப்பு. உடம்பு என்ற எழுத்தையும் அழகு என்ற எழுத்தையும் பக்கத்தில் வைத்து ஜப்பானியர்களே உண்டாக்கிய எழுத்து அது.

ஒரு வீட்டில், ஒரு ஊரில், ஒரு விதமாக வளர்ந்து முடிந்த ஆள் இன்னொரு மொழிக்குள் குடிபோகும்போது இந்த வளர்ப்பை என்ன செய்வது? கழற்றி வாசலில் விட்டுவிட்டுப் போவதா, கூடவே கொண்டு போவதா? எட்டு மாதமாக எனக்கு இதுதான் யோசனை.

வகுப்பு பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு மாடியில் நடக்கிறது. சொல்லிக்கொடுப்பவர் பல வருடம் ஜப்பானில் இருந்துவிட்டுத் திரும்பிய ஒரு அம்மா. ‘சென்செய்’ என்றுதான் கூப்பிட வேண்டும். படியேறி வாசல் தாண்டிவிட்டால் தமிழும் கிடையாது, ஆங்கிலமும் கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றாலும் ஜப்பானியத்தில்தான் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் தாகத்தோடு இருக்க வேண்டும். வார நாட்களில் சாயங்காலம் இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடும் சேர்த்து முழு நாள். ‘மின்னா நோ நிஹோங்கோ’ என்ற புத்தகம். அதிலும் மூலப் புத்தகம் முழுக்க ஜப்பானியம்தான், துணைக்கு ஒரு வரிகூட வேறு மொழி இல்லை. குளத்தில் தூக்கிப் போட்டு நீச்சல் பழக்குகிற மாதிரி. போனையும் ஜப்பானியத்துக்கு மாற்றிவிடுங்கள் என்றார் சென்செய். எங்கள் வீட்டில் இருப்பதே ஒரு போன். இரண்டாம் நாளே அம்மா, “இதென்னல கோழி கிண்டுன மாதிரி” என்று என் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டாள். பழையபடி தமிழுக்கு மாற்றினேன்.

எதற்காகச் சேர்ந்தேன் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. 2019 ஏப்ரலில் ஜப்பான் ‘குறிப்பிட்ட திறன்’ தொழிலாளர்களுக்கென்று ஒரு புது விசா கொண்டுவந்தது. 2021 ஜனவரியில் இந்தியாவும் அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. தொழில் தேர்வு ஒன்று, மொழிக்கு என்4 அல்லது அதற்கு ஈடான தேர்வு ஒன்று. முதல் வகை விசாவில் பொதுவாக ஐந்து வருடம் வேலை பார்க்கலாம். குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. டிப்ளமோ முடித்த பையனுக்கு இது பெரிய வாசல். ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது. பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு இங்கே வந்து முதல் வருடம் நான் வாயே திறக்கவில்லை. ஆங்கிலத்தில் எனக்கென்று ஒரு வாக்கியம் கிடையாது. காய்ச்சலென்று விடுப்புக் கடிதம் எழுதினாலும் அது பக்கத்து பெஞ்ச் கடிதத்தின் நகல்தான். அந்த மொழியில் எல்லாரும் எனக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டார்கள், நான் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடுகிறேன். ஜப்பானியத்தில் அப்படியில்லை. கான்வென்டில் படித்த பையனும் நானும் ஒரே நாளில் ‘அ’ போட்டோம். அவன் ‘அ’வும் என் ‘அ’ மாதிரியே கோணலாகத்தான் வந்தது.

எங்கள் வகுப்பில் மொத்தம் பதினொரு பேர், நான்தான் சின்னவன். வெல்டிங் அண்ணாச்சி ஒருத்தர் உண்டு, முப்பத்தைந்து வயது இருக்கும். கீழே இறங்கினால் நாலு பேரை வைத்து வேலை வாங்குகிற ஆள். மேலே ‘ஹாய்’ (ஆமாம்) என்ற ஒரே சொல்லோடு இரண்டு மணி நேரத்தையும் ஓட்டுவார். ஒரு நாள் படியிறங்கும்போது சொன்னார்: “தம்பி, எனக்கு இருபது வருஷத் தொழில் கையில இருக்கு. அந்த ரூமுக்குள்ள போனா மூணு வயசுப் பயல மாதிரி ஆயிருதேன். நான் யாருன்னு சொல்லவே முடிய மாட்டேங்கு.” நான் பதில் சொல்லவில்லை. எனக்கு முதல் வருடம் முழுக்க இருந்தது அதே சங்கடம்தான். மூன்று வயதுப் பிள்ளைக்கு இழக்க ஒன்றுமில்லை. பெரிய ஆள் மொழி படிக்கும்போது தன் மரியாதையை அடகு வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டியிருக்கிறது.

நர்ஸ் அக்கா ஒருத்தர், அங்கே முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக இருப்பவர். அவருக்கு இலக்கணம் பிடிக்காது. வலியைப் பற்றின சொற்களை மட்டும் தனி நோட்டில் சேர்க்கிறார். ஜப்பானியத்தில் வலிக்கு இரட்டைச் சொற்கள் ஏராளம். விண்விண்ணென்று தெறிக்கிற வலிக்கு ‘சுகிசுகி’, சுருக்சுருக்கென்று குத்தினால் ‘சிகுசிகு’, தோல் எரிந்தால் ‘ஹிரிஹிரி’. “இங்கிலீஷ்ல கேட்டா பேஷன்ட் வலிக்குன்னு மட்டும்தான் சொல்லுவாங்க. நம்ம ஆச்சிமார் மாதிரியே அந்த ஊருக் கிழவிகளும் சொல்லுவாங்க போல” என்று அவருக்குச் சந்தோஷம். அவருக்கு வேண்டியதை அவரே பொறுக்கிக்கொள்கிறார். சென்செய் திட்டினாலும் மசிவதில்லை.

இன்னொருவர், மகள் டோக்கியோவில் இருக்கிற ஒரு அம்மா. பேரன் அங்கேயே பிறந்து வளர்கிறவன், போனில் இவர் தமிழில் கேட்டால் அவன் ஜப்பானியத்தில் பதில் சொல்கிறானாம். அவன் பேசுவது புரிய வேண்டுமென்றுதான் இந்த வயதில் படியேறி வருகிறார். ஆனால் ‘ஓபாச்சான்’ (பாட்டி) என்ற சொல் பாடத்தில் வந்த அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்து, “அவன் என்ன பாஷை வேணும்னாலும் பேசட்டும், நான் படிச்சிக்கிடுதேன். ஆனா என்னைய ஆச்சின்னுதான் கூப்பிடணும்” என்றார். எங்கள் வகுப்பிலேயே தெளிவான ஆள் இவர்தான் என்பது என் அபிப்பிராயம்.

அனிமேஷன் படம் பார்த்துப் பார்த்தே பாதி ஜப்பானியம் கற்றுக்கொண்டு வந்த தம்பி ஒருத்தனும் உண்டு. தமிழில் ‘நான்’ ஒன்றுதான். எதிராளிக்குத்தான் நீ, நீர், நீங்க, தாங்கள் என்று படிக்கட்டு. ஜப்பானியத்தில் ‘நான்’ என்பதற்கே படிக்கட்டு இருக்கிறது. பொதுவாக ‘வதாஷி’, பையன்கள், ஆண்கள் கொஞ்சம் நெருக்கமாகச் சொல்வது ‘போகு’, முரட்டுத்தனமாக, சேக்காளிகளுக்குள் சொல்வது ‘ஓரே’. எதிராளியை ‘நீ’ என்பதையோ முடிந்தவரை தவிர்த்துப் பெயரோடு ‘சான்’ சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். இந்தத் தம்பி எடுத்த எடுப்பில் சென்செய்யிடம் ‘ஓரே’ போட்டான். வகுப்பில் அவர் எதுவும் சொல்லவில்லை. வாசலுக்கு வெளியே வந்து தமிழில் கேட்டார்: “ஒரு வெள்ளைக்காரன் நம்ம ஊருக்கு வந்து பஞ்சாயத்துத் தலைவரப் பாத்து ‘ஏலே, எப்படிலே இருக்க’ன்னு கேட்டா எப்படி இருக்கும்?” அவன் அசரவில்லை. “எனக்கு ஓரேதான் மேடம் பிடிச்சிருக்கு. வதாஷின்னு சொன்னா அது நான் மாதிரி இல்ல.” அவன் சொன்னதைத் தப்பென்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. இப்போது வகுப்பில் வதாஷி சொல்கிறான், கீழே வந்ததும் ஓரே.

ஒரு நாள் எனக்கும் இந்த மொழியில் தரையில் கால் பட்டது. கோரே, சோரே, ஆரே, தோரே என்று பலகையில் எழுதினார். என் கையில் இருப்பது கோரே, உங்கள் பக்கம் இருப்பது சோரே, இரண்டு பேருக்கும் தூரத்தில் இருப்பது ஆரே, எது என்ற கேள்விக்குத் தோரே. எல்லாரும் ‘இது, அது, எது’ என்று மூன்றில் அடைக்கப் பார்த்துத் திணறினார்கள். எனக்குப் பள்ளிக்கூட இலக்கணம் ஞாபகம் வந்தது. சுட்டெழுத்து மூன்று: அ, இ, உ. ‘உ’ இப்போது நம் பக்கம் வழக்கில் இல்லை என்று சொல்லி வாத்தியார் தாண்டிப் போன அந்த ‘உது’ யாழ்ப்பாணத்தில் இன்றும் பேச்சில் இருக்கிறது. சோரே என்றால் உது! வகுப்பிலேயே முதலில் எழுந்து சரியாகச் சொன்னவன் நான்தான். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர், 1919இல் பிறந்தவர், அறுபது வயதை ஒட்டித்தான் தமிழ் படிக்கத் தொடங்கினார். இரண்டு மொழிக்கும் உறவு உண்டென்று கடைசிவரை வாதாடினார். மொழியியல்காரர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஏற்காவிட்டால் போகட்டும், அறுபது வயதில் நம் மொழியில் ‘அ’ போட்டாரே, அதை யாரும் மறுக்க முடியாது.

இனி, சொல்ல வந்த விஷயம்.

முதல் நாள் படிவம் நிரப்பச் சொன்னார்கள். குடும்பப் பெயர் ஒரு கட்டம், சொந்தப் பெயர் ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தான். இனிஷியலை விரித்தால் அப்பா பெயர். பாஸ்போர்ட்டிலும் நம் ஆட்கள் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஜப்பானில் ஆளைக் கூப்பிடுவதோ குடும்பப் பெயரால். ஆக, வகுப்பில் என் பெயர் என் அப்பா பெயர் ஆகிவிட்டது.

அப்பா பெயர் என்ன என்று இங்கே எழுதவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லை. அம்மா சொல்லவே மாட்டாள். ரேஷன் கடையில் கேட்டால் என்னையோ அக்காவையோ பார்ப்பாள். நாங்கள் தணிந்த குரலில் சொல்வோம். ஊரில் சத்தமாகச் சொல்பவர்கள் வேறு. சேரன்மகாதேவிக்கு அந்தப்புறம், ஆற்றுப்பாசனத்தில் இருக்கும் ஊர் எங்களுடையது. அப்பா அடுத்தவர் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். வயல்காரர் வீட்டு ஏழாம் வகுப்புப் பையன் வரப்பில் நின்றுகொண்டு அப்பாவைப் பெயர் சொல்லி “இங்க வா” என்பான். அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு போவார். நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயருக்குப் பின்னால் அண்ணாச்சி என்றோ ஐயா என்றோ எங்கள் ஊரில் யாரும் சேர்த்து நான் கேட்டதில்லை.

அந்தப் பெயரைச் சொல்லி, பின்னால் ‘சான்’ சேர்த்து, சென்செய் என்னைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். அவரைப் பார்த்து டோக்கியோப் பேரனின் ஆச்சி, வெல்டிங் அண்ணாச்சி, கான்வென்ட் பையன், ஒவ்வொருவராக அப்பா பெயரைச் சொல்லி ‘சான்’ சேர்த்து வணக்கம் வைத்தார்கள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. யாரோ அப்பாவைக் கேலி செய்கிற மாதிரி முதலில் கோபம் வந்தது. கேலியில்லை என்று புரிந்தபிறகு வேறு விதமாகத் தொண்டையை அடைத்தது. என் முறை வந்தபோது, “வதாஷி வா” என்று ஆரம்பித்து அப்பா பெயரை நானே சொல்ல வேண்டும். அதுவரை பத்துப் பேர் முன்னால் அந்தப் பெயரை நான் முழுக் குரலில் சொன்னதில்லை. பழக்க தோஷத்தில் நானும் ‘சான்’ சேர்த்துச் சொல்லிவிட்டேன். சென்செய் கையை அசைத்தார். தன் பெயருக்குத் தானே சான் போட்டுக்கொள்ளக் கூடாது. அதை அடுத்தவர்தான் தர வேண்டும்.

நான் நினைத்திருந்தால் மறுநாளே, என்னை என் பெயரால் கூப்பிடுங்கள் என்று கேட்டிருக்கலாம். நர்ஸ் அக்கா அப்படித்தான் கேட்டு மாற்றிக்கொண்டார். நான் கேட்கவில்லை.

இதைப் பற்றி, நம் கல்லூரியில் படித்து இப்போது ஜப்பானில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் போனில் கேட்டேன். “என் பேரு எனக்கே மறந்து போச்சுல” என்று சிரித்தார். “எங்க அப்பா பேரச் சொல்லித்தான் கூப்பிடுதாவ. அப்பா போயி மூணு வருஷம் ஆச்சு. ஷிப்ட்ல யாராவது கூப்பிட்டா, திரும்புதுக்கு முந்தி ஒரு செகண்டு, அவரத்தான் தேடுதாவளோன்னு இருக்கும்.” தொப்பியில் ஒட்டும் பெயர்ச்சீட்டைத் தன் சொந்தப் பெயருக்கு மாற்றித் தரும்படி கேட்ட ஒரு தென்காசிக்காரருக்கு மாற்றித் தந்தார்களாம். “நானும் கேக்கலாம்னுதான் நெனச்சேன். பெறகு இருக்கட்டும்னு விட்டுட்டேன்.” கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் போடும்போது மட்டும்தான் தன் பெயர் காதில் விழுகிறது என்றார்.

வேறு மொழிக்குள் போய் வாழ்ந்த பெரியவர்கள் இதையெல்லாம் எப்படிச் சமாளித்தார்கள் என்று நூலகத்தில் தேடினேன். தூரத்தில் தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் வாய்க்காலில் மிஞ்சுகிற தண்ணீர் தாமிரபரணியில் விழுந்து கடலில் சேருகிற இடம் புன்னைக்காயல். 1546இல் இந்தியா வந்த அண்டிரிக் அடிகளார் என்ற போர்த்துக்கீசியர் அந்தக் கரையில்தான் தமிழ் படித்தார். முதலில் துபாஷியை நம்பியிருந்தவர், பிறகு மீனவர்களோடு பேசிப் பேசியே துபாஷியை விட்டார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவருடையது. இத்தாலியிலிருந்து முப்பது வயதில் வந்த பெஸ்கி, கோவில்பட்டிப் பக்கம் காமநாயக்கன்பட்டியில் இருந்தவர், பெயரையே மாற்றிக்கொண்டார். காவி கட்டினார், வீரமாமுனிவர் ஆனார், ‘தேம்பாவணி’ பாடினார். எகர ஒகரங்களில் குறில் எது நெடில் எது என்று குழம்பாமல் நாம் இன்று எழுதுவது அவர் செய்த திருத்தத்தால். உள்ளூர்க்காரனுக்குக் கண்ணில் படாத குறை, வயது வந்தபின் படிக்க வந்தவனுக்குக் காலில் இடறியிருக்கிறது! கால்டுவெல்லோ 1838இல் சென்னைக்கு வந்து, 1841 கடைசியில் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். பெயரையும் மாற்றவில்லை, உடையையும் மாற்றவில்லை. ஐம்பது வருடம் தமிழில் வாழ்ந்து, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். உடல் இடையன்குடியில்தான் கிடக்கிறது. ஒருவர் சட்டையோடு சேர்த்துப் பெயரையும் கழற்றினார், ஒருவர் கழற்றவே இல்லை. இரண்டு பேரும் தமிழில் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள்.

ஆனால் இவர்களை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இவர்கள் தாமாக வந்தவர்கள், பின்னால் அதிகாரமும் சபையும் இருந்தது. இதே ஜப்பானிய மொழியைத் தமிழர்கள் வேறு விதமாகவும் படித்திருக்கிறார்கள். 1942இல் ஜப்பான் படை மலேயாவையும் சிங்கப்பூரையும் பிடித்தது. சிங்கப்பூரின் பெயரையே ‘சியோனான்’ என்று மாற்றினார்கள். பள்ளிக்கூடங்களில் ஜப்பானியம் புகுந்தது. மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்க் கூலிகளை ஆயிரக்கணக்கில் சயாம்-பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. அந்தத் தமிழர்களுக்கும் இச்சி, நீ, சான் என்று எண்ணத் தெரிந்திருக்கும். காலையில் வரிசையில் நிறுத்தித் தலை எண்ணினால் தெரியாமல் எப்படி இருக்கும்? அந்தச் ‘சான்’ மூன்று என்ற எண். அவர்களுடைய அப்பா பெயரை அங்கே யாரும் கேட்கவில்லை.

என் கதை இந்த இரண்டிலும் சேராது. என்னை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. அதற்காக வீரமாமுனிவர் மாதிரி ஆசைப்பட்டுப் போகிறேன் என்றும் சொல்ல முடியாது; அக்கா கல்யாணக் கடன் இருக்கிறது. போவதா வேண்டாமா என்பதில் எனக்கு உள்ள உரிமை பாதிதான். போனபின் என்னவாக இருப்பது என்பதில் மீதி இருக்கிறது. அந்த ஊர் எழுத்தில் ல, ள, ழ, ர, ற ஐந்தும் ஒன்றுதான். திருநெல்வேலியை எழுதினால் ‘திருனெருவேரி’ என்று வருகிறது. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, விட்டுக்கொடுத்துவிட்டேன். ‘வதாஷி’ சொல்லலாம். தலை குனிந்து வணங்கலாம். அங்கே முதலாளியும் குனிகிறார் என்பதால் கழுத்து வலிக்காது. பெயர் விஷயத்தில் மட்டும் நன்றாக யோசித்துவிட்டு, பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரை எழுதினேன்.

பாஸ்போர்ட் போன மாதம் வந்தது. வீட்டில் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். அம்மா பீடித்தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. தன் பெயர் எது என்று கேட்டார், காட்டினேன். விரலை அதன்மேல் வைக்காமல் பக்கத்தில் வைத்தார்.

“அப்பம் அங்க உள்ளவன்லாம் என் பேரச் சொல்லியா உன்னையக் கூப்பிடுவான்?”

“ஆமாப்பா. சான் சேத்து.”

“சான்னா?”

“ஐயா மாதிரிப்பா.”

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. “வயசுல மூத்தவன் கூப்பிட்டாலுமா?” என்றார். ஆமாம் என்றேன். மேனேஜரா என்று கேட்டார், அதற்கும் ஆமாம் என்றேன். பாஸ்போர்ட்டை மூடி என் கையில் தந்துவிட்டு, மடைக்குப் போக நேரமாகிவிட்டதென்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் தெருமுனை திரும்புகிறவரை பார்த்திருந்துவிட்டு அம்மா என்னிடம் திரும்பினாள். “எல, அது அந்த ஊர்க்காரனோட இருக்கட்டும். நான் போன்ல கூப்பிட்டா அந்தப் பேரச் சொல்லிக் கேக்கச் சொல்லிராதேல. என் வாயில வராது.”